ஊட்டும் பக்கம்

சலவைக்கூடத்துக்குள் அவரை அப்பா என்று கூப்பிடக் கூடாது. மகள் இதை ஏழாவது வயதிலேயே படித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் கொடுத்த ஏதோ ஒரு தாளில் கையெழுத்து வாங்க மாடியிலிருந்து இறங்கி வந்தவள், "அப்பா" என்றாள். அவர் திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டாள். மூன்றாவது தடவை கூப்பிட்டபோது, துணி மடித்துக்கொண்டிருந்த பெண் குனிந்து அவள் காதோரம், "முதலாளின்னு கூப்பிடு பாப்பா" என்றாள். கூப்பிட்டாள். அவர் உடனே திரும்பி, "என்னம்மா வேணும்?" என்று சிரித்தபடி கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். அன்றைக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

காதில் சொல்லிக்கொடுத்த பெண்ணை எல்லாரும் மடிப்பக்கா என்பார்கள். அவள் சொந்தப் பெயர் சம்பளப் பதிவேட்டில் இருந்தது, வேறெங்கும் இல்லை. ஆள் நீளத்துக்கு மேல் இருக்கும் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பை எதிரே ஒருத்தியை நிறுத்திக்கொண்டு நான்கு அசைவில் செங்கல் மாதிரி ஆக்கிவிடுவாள். இழு, சேர், வா, கொடு. அவ்வளவுதான். அம்மா போனபோது மகளுக்குப் பதினோரு வயது. அதற்குப் பிறகு மத்தியான இடைவேளையில் தலை வாரிவிட்டதும், பெரியவளானபோது என்ன செய்ய வேண்டும் என்று துணி மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுத்ததும் மடிப்பக்காதான். அப்போது எதிரே நின்று விரிப்பின் முனையைப் பிடிக்கத் தொடங்கிய மகள், முப்பத்துமூன்று வயதாகியும் அதே இடத்தில்தான் நின்றாள்.

கீழே கூடம், மேலே வீடு. தெருவிலிருந்து நுழைந்தால் முதலில் எடைபோடும் இடம். அங்கே ஆஸ்பத்திரி மூட்டையும் ஓட்டல் மூட்டையும் தனித்தனியாக இறங்கும். ஆஸ்பத்திரி மூட்டையைக் கையுறை போட்டுக்கொண்டுதான் பிரிக்க வேண்டும். உள்ளே ஊசி இருக்கும், பஞ்சு இருக்கும், ஒரு தடவை யாருடைய பல்செட்டோ இருந்தது. அடுத்து துவைக்கும் டிரம்கள் ஐந்து, பிழியும் மெஷின், கடைசியில் ரோலர். ரோலர் என்பது ஆவியில் கொதிக்கும் இரும்பு உருளை. அதன்மேல் தடித்த கான்வாஸ் சுற்றிய இன்னொரு உருளை அழுந்தி ஓடும். ஈர விரிப்பை ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் காய்ந்து, தேய்த்து, சுடச்சுட வரும். துணி போகிற பக்கத்துக்கு ஊட்டும் பக்கம் என்று பேர்; வருகிற பக்கத்துக்கு வாங்கும் பக்கம். ஊட்டும் பக்கத்தில் இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி துணியை உதறிக் கொடுப்பாள். மற்றவள் இரண்டு முனையையும் பிடித்து ரோலரின் வாயில் விடுவாள். உதறுகிறவளின் தோளுக்குப் பக்கத்துத் தூணில் மெஷினை நிறுத்தும் சிவப்புப் பொத்தான் இருந்தது.

அந்தப் பொத்தானைப் பற்றியும் மகளுக்கு ஒரு பாடம் நடந்திருந்தது. பதினேழு வயதில், விரிப்போடு ஏதோ கம்பி போய் 'கிரீச்' என்று சத்தம் வர, பயந்துபோய் அமுக்கிவிட்டாள். ஓடாமல் நின்ற உருளையின் சூட்டில் கான்வாஸ் கருகிவிட்டது. அவர் கை ஓங்கவில்லை, கத்தவில்லை. புதுக் கான்வாஸையும் கோணி ஊசியையும் கொண்டுவந்து அவள் முன்னால் போட்டார். இரண்டு நாள் தைத்தாள். உள்ளங்கை கொப்புளித்து உடைந்து கான்வாஸில் கறை பட்டது. தைத்து முடித்ததும் எல்லாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு சொன்னார்:

"மெஷின நிறுத்தறது என் வேல. ஓட்டறது உங்க வேல. யாரா இருந்தாலும் என் முகத்தப் பாத்துட்டுத்தான் அந்தப் பொத்தான்ல கை வைக்கணும். என் மகளா இருந்தாலும்."

இப்படித்தான் அவள் தொழில் கற்றுக்கொண்டாள். நன்றாகவே கற்றுக்கொண்டாள். துணியை மோந்து பார்த்தே எந்தக் கறைக்கு எந்த மருந்து என்று சொல்லிவிடுவாள். இரண்டு இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். "இவ போயிட்டா ரோலர யாரு பாத்துக்குவா?" என்று அவர் சிரித்துக்கொண்டே கேட்டு அனுப்பிவிட்டார். அதில் அவளுக்கு வருத்தம் இருந்தது. சொல்லத் தெரியாத பெருமையும் கொஞ்சம் இருந்தது.

அந்த வாரம் முழுக்க மழை. கூடத்துச் சுவரெல்லாம் வியர்த்துக்கொண்டு நின்றது. பிழிந்த துணி பிழிந்த மாதிரியே இல்லை. காலையில் ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசி: அறுவைச் சிகிச்சைக்கு நோயாளிகள் போடும் சட்டை ஒன்றுகூட இல்லை, மூன்று மணிக்கு வண்டி அனுப்புகிறோம். ஊட்டுகிற பெண் வரவில்லை. அவள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அவர் மடிப்பக்காவை ஊட்டும் பக்கத்துக்குப் போகச் சொன்னார்.

"ஷீட் விட்டுடறேன் முதலாளி. அந்தச் சட்டைய எப்படி விடறது? நாலு பக்கமும் நாடா தொங்குது. சுத்திக்குமே."

"கையால தேய்க்க நேரமில்ல."

"மூணு பேர் தேய்ச்சா..."

"முப்பது வருஷமா துணிய பிடிச்ச கைக்கு ஒரு நாடாவ பிடிக்கத் தெரியாதா? விடு, விடு."

ரோலரின் வாய்க்கு முன்னால் விரல்தடுப்பு என்று ஒரு கம்பி உண்டு. விரல் பட்டால் மெஷின் தானாக நின்றுவிடும். விரிப்பின் தடித்த ஓரம் பட்டாலும் நின்றுவிடும் என்பதுதான் தொல்லை. ஒரு நாளைக்குப் பத்து தடவை நின்றது. நான்கு வருஷத்துக்கு முன்னால் அவர் சொல்ல, மகள்தான் அந்தக் கம்பியைத் தூக்கி, கிழிந்த விரிப்பின் துண்டால் மேலே கட்டிவைத்தாள். அவள் போட்ட முடிச்சு ஒருநாளும் தளரவில்லை.

மகள் உதறிக் கொடுக்க, மடிப்பக்கா ஊட்டினாள். அறுபது சட்டைவரை ஒன்றும் இல்லை. நாடாவைச் சுருட்டி உள்ளே மடித்து மடித்து விட்டாள். "உங்கப்பாவுக்கு இந்தச் சட்டைய போட்டு ஒருநாள் படுக்க வைக்கணும் பாப்பா, பின்னாடி திறந்துதான் இருக்கும்" என்று மெல்லச் சொல்ல, இருவரும் சத்தம் வராமல் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் ஒரு நாடா மடிப்பக்காவின் வலதுகை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டது. சட்டை உள்ளே போனது. கையும் போனது.

"பாப்பா, நிறுத்து!"

பொத்தான் மகளின் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு முழம்கூட இல்லை. அவள் கை அதை நோக்கி எழுந்தது. எழுந்த கை அப்படியே நிற்க, தலை மட்டும் திரும்பி எடைபோடும் இடத்தைப் பார்த்தது. அங்கே அவர் நின்றிருந்தார். மகள் தன்னைப் பார்ப்பதைப் பார்த்தார். என்ன நடந்திருக்கிறது என்று புரிந்துகொள்ள அவருக்கும் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது. பிறகு தலையசைத்தார். அதற்குப் பிறகுதான் அவள் அமுக்கினாள்.

விரல்கள் அமுங்கியதோடு மெஷின் நின்றிருந்தால் உள்ளங்கையைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் பிற்பாடு சொன்னார்.

துணி ஏற்றும் வண்டியிலேயே மடிப்பக்காவை ஏற்றிப் போனார்கள். வண்டி தெருமுனை திரும்புவதற்குள் அவர் மகளிடம் வந்தார். "அந்தத் தடுப்பு கட்டியிருக்கிற துணிய அவிழ்த்துடு. ரோலர நல்லா துடை. தச்சு வச்சிருக்கற கான்வாஸ மாத்து. இன்னும் நாப்பது சட்டை இருக்கு."

மகள் அவிழ்த்தாள். துடைத்தாள். மாற்றினாள். மிச்ச நாற்பதை வேறொருத்தி ஊட்டினாள். மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி வண்டி வந்தபோது நூறு சட்டையும் தயாராக இருந்தது. அவற்றில் ஒன்றைப் போட்டுத்தான் மடிப்பக்காவை அன்று சாயங்காலம் படுக்கவைத்துக் கையை எடுத்தார்கள்.

ஐந்தாம் நாள் மத்தியானம், மேலே சாப்பிடும்போது அவர் ஒரு தாளைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். மேலே அவர் அப்பா. குரலே வேறு.

"அவகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டு வாம்மா. அவளோட கவனக்குறைவால நடந்ததுன்னு. ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருவான், கேப்பான்."

"தடுப்பு கட்டியிருந்ததுப்பா."

"கட்டினது யாரு?"

அவள் சோற்றைப் பிசைந்தாள்.

"உன்ன மாட்டிவிடவா நான் பேசறேன்? பதினாலு குடும்பம் இதுல சாப்பிடுது. மூடிட்டா அவ கை முளைச்சிடுமா? உயிரோட இருக்கறவரைக்கும் அவளுக்கு இங்க வேல உண்டுன்னு சொல்லு. நீ சொன்னாதான் நம்புவா. நான் சொன்னா நம்ப மாட்டா." சொல்லிவிட்டு மகள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டார். "சாப்பிடு. இளைச்சுப் போயிட்ட."

ஆஸ்பத்திரியில் மடிப்பக்காவுக்கு நீள வார்டில் ஜன்னலோரப் படுக்கை கிடைத்திருந்தது. கட்டுப்போட்ட கை ஒரு தலையணைமேல் தனியாகக் கிடந்தது. மகளைப் பார்த்ததும் அவள் கால்மாட்டில் இருந்த விரிப்பைக் காட்டினாள்.

"இது எந்தக் கழுதை மடிச்சது? ஓரம் ஒண்ணும் சேரல. நான் இல்லாத வாரத்து மடிப்பு, பாத்தாலே தெரியுது."

மகளால் சிரிக்க முடியவில்லை. தாளை எடுத்தாள். எடுத்ததும் மடிப்பக்காவுக்குப் புரிந்துவிட்டது.

"படிச்சுக் காட்டு."

மகள் படித்தாள். தானே எழுதினது மாதிரி இருந்தது அவள் குரல்.

"வேல?"

"உயிரோட இருக்கறவரைக்கும் உண்டுக்கா. நான் சொல்றேன்."

"நீ சொல்றியா, அவர் சொல்லச் சொன்னாரா?"

"நான் சொல்றேன்."

மடிப்பக்கா தாளின் அடியில் விட்டிருந்த இடத்தைப் பார்த்தாள். "எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும் பாப்பா. பேரு அழகா எழுதுவேன். இடதுகையாலதான் தெரியாது." பிறகு இடது கட்டைவிரலை நீட்டினாள். மகள் மையைத் தடவி, அந்த விரலைப் பிடித்து, தாளில் அழுத்தினாள். துடைத்துவிட்டபோது மடிப்பக்கா சொன்னாள்:

"அன்னைக்கு நீ அங்க பாத்தியே. நான் கூப்பிட்டதும் என்னைப் பாக்காம அவரைப் பாத்தியே. வலிக்கிற நேரத்துலயும் எனக்கு அதுதான் தெரிஞ்சுது."

"அக்கா..."

"போ. வார்டம்மா வந்தா திட்டும்."

இரண்டு மாதம் கழித்து மடிப்பக்கா வேலைக்கு வந்தாள். சேலைத் தலைப்பை வலதுபக்கம் இழுத்து, மொட்டைக் கையை மூடியிருந்தாள். அவரைக் கும்பிடப் போனாள். ஒரு கையால் கும்பிட முடியவில்லை. நெஞ்சில் கை வைத்துத் தலை குனிந்தாள். அவர், "வா, வா, மெதுவா செய்" என்றார்.

வாங்கும் பக்கத்தில், பழைய இடத்தில், மகளுக்கு எதிரே நின்றாள். முதல் விரிப்பு வந்தது. ஒரு முனையை இடதுகையில் பிடித்தாள். மற்ற முனை தரையைப் பார்த்துத் தொங்கியது. ஒரு கணம் என்ன செய்வதென்று பார்த்தவள், குனிந்து அதைப் பல்லால் கவ்விக்கொண்டாள். கவ்வியபடியே கண்ணால் ஜாடை காட்டினாள்: இழு. மகள் இழுத்தாள். சேர்த்தாள். மடிப்பக்கா நடந்து வந்து மகளின் கைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து துணியை விட்டாள். சுடு துணி பட்டு உதடு சிவந்திருந்தது. "பாத்தியா, வருது" என்றாள். அன்று இருநூறு விரிப்பு மடித்தாள். இரண்டாம் வாரம் முந்நூறு. உதட்டோரம் தோல் உரிந்து பொருக்கு கட்டியிருந்தது. மற்ற பெண்கள் முதலில் அழுதார்கள், பிறகு பழகிவிட்டார்கள்.

மூன்றாம் வாரம் அவர் மகளைக் கூப்பிட்டார்.

"நாளையில இருந்து அவ வர வேணாம்னு சொல்லிடு."

"ஏன் முதலாளி? நல்லாத்தானே செய்யறாங்க?"

"வாயில வச்ச துணிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதா? யாராவது பாத்துச் சொன்னா ஆர்டர் போயிடும்."

"உயிரோட இருக்கறவரைக்கும் வேல உண்டுன்னு சொன்னீங்களே."

"நான் எங்க சொன்னேன்?" அவர் கோபப்படவே இல்லை. கணக்குத் தப்பாகப் போட்ட குழந்தையைத் திருத்துகிற மாதிரிதான் சொன்னார். "சொன்னது நீ. தொழில்ல இருக்கறவ தன்னால காப்பாத்த முடியாத வாக்கக் கொடுக்கக் கூடாது. இத இப்பவாவது கத்துக்க. போ, நீயே சொல்லிட்டு வா."

சொன்னாள். டிரம்களுக்குப் பின்னால், மூட்டைகளுக்கு நடுவில் கூட்டிக்கொண்டுபோய்ச் சொன்னாள். மடிப்பக்கா வாயைத் துடைத்துக்கொண்டாள். "கடைசி ஷீட்டு மேஜைல பாதில கிடக்கு. முடிச்சுட்டுப் போறேன்" என்றாள். முடித்துவிட்டுத்தான் போனாள்.

மறுநாள் மகள் வாழ்க்கையில் முதல்தடவையாக அவர் முகத்தைப் பார்க்காமல் ஒரு காரியம் செய்தாள். பஸ் ஏறி இன்ஸ்பெக்டர் அலுவலகத்துக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் வயதான மனிதர், தடித்த கண்ணாடி. தடுப்பைக் கட்டியது, நாடாச் சட்டையை ஊட்டச் சொன்னது, தாளில் விரலை அழுத்தியது, எல்லாவற்றையும் சொன்னாள்.

"கட்டினது நீங்கதான்னு எழுதித் தருவீங்களா? உங்களுக்கும் சிக்கல் வரும்."

"தரேன்."

"அந்தம்மாவும் சொல்லணும். அவங்க கைரேகை வச்ச தாள் இருக்கறப்ப, உங்க பேச்சு மட்டும் நிக்காது."

"அவங்க சொல்லுவாங்க" என்றாள் மகள். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை.

விசாரணை என்று கடிதம் வந்தது. அவர் படித்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். திட்டவில்லை. அன்று மத்தியானச் சாப்பாட்டில் உப்பு குறைவு என்று மட்டும் சொன்னார். விசாரணைக்கு முந்தின நாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு எங்கேயோ போய்விட்டு வந்தார்.

எடைபோடும் இடத்திலேயே மேஜை போட்டு விசாரணை நடந்தது. இன்ஸ்பெக்டர் கேட்டார். மகள் சொன்னாள். ஒன்றையும் விடாமல் சொன்னாள். அவர் மேஜையோரம் கைகட்டி நின்று, அடுத்த வீட்டுக் கதையைக் கேட்பதுபோல் கேட்டார். பிறகு மடிப்பக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் புதுச்சேலை கட்டியிருந்தாள். உதடு ஆறியிருந்தது.

"அம்மா, தடுப்பு மேல கட்டியிருந்ததா?"

"இல்லைங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்னங்க இருக்கு? தடுப்பு இருந்தது. நான்தான் பேச்சு சுவாரசியத்துல அதத் தாண்டி கைய விட்டுட்டேன். தாள்ல எழுதியிருக்கறதுதான்."

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மகளைப் பார்த்தார். எழுதிக்கொண்டார். தடுப்பு எப்போதும் இடத்தில் இருக்க வேண்டும் என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

மகள் தெருவரைக்கும் ஓடினாள். "ஏன்க்கா? நான் எல்லாத்தையும் சொன்னேனே. உங்களுக்காகத்தானே..."

மடிப்பக்கா நின்றாள். "சொன்ன. சொல்லிட்டு எங்க போவ? மாடி ஏறிப் போவ. அவர் தட்டுல சோறு போடுவ, அவரு உன் தட்டுல போடுவாரு. நான் எங்க போறது பாப்பா?"

"நஷ்டஈடு கிடைச்சிருக்கும்."

"எப்போ? என் பொண்ணுக்குத் திங்கக்கிழமைல இருந்து வேல. நேத்து வந்து சொல்லிட்டுப் போனாரு. எழுதியே கொடுத்தாரு. இந்தத் தடவ நான் எழுதித்தான் வாங்கினேன்."

"எங்க வேல?"

"ஊட்டற பக்கம்" என்றாள் மடிப்பக்கா. சொல்லிவிட்டு மகளின் முகத்தைப் பார்க்காமல் நடந்தாள்.

திங்கட்கிழமை மடிப்பக்காவின் மகள் வந்தாள். இருபத்துநான்கு வயது. அம்மாவின் உயரம், அம்மாவின் தோள். யாரோடும் சிரிக்கவில்லை. மூன்று நாள் விரல்தடுப்பு இடத்தில் இருந்தது. மெஷின் நின்று நின்று ஓடியது. நான்காம் நாள் காலை வந்து பார்த்தபோது அது மேலே கட்டியிருந்தது. யார் கட்டியது என்று யாரும் கேட்கவில்லை.

புதிதாக வந்தவள் கட்டியிருந்ததைப் பார்த்தாள். பிறகு ஊட்டும் இடத்தை விட்டு நகர்ந்து, தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

"நான் உதறித் தரேன்க்கா. நீங்க ஊட்டுங்க."

"உன்ன எடுத்தது ஊட்டறதுக்கு."

"எங்கம்மா சொல்லித்தான் அனுப்பிச்சாங்க. தடுப்பு மேல போற அன்னைக்குப் பொத்தான் பக்கம் நான்தான் நிக்கணும், உங்கள அங்க நிக்க விடக் கூடாதுன்னு." அதில் கோபம் இல்லை. கடையில் வாங்க வேண்டிய சாமானைச் சொல்வதுபோல் சொன்னாள்.

மகள் ரோலரின் முன்னால் போய் நின்றாள். இத்தனை வருஷத்தில் உதறியிருக்கிறாள், மடித்திருக்கிறாள். இந்த இடத்தில் நின்றதில்லை. ஆவி முகத்தில் அடித்தது. கான்வாஸ் சுற்றிய உருளை மிக அருகில், மிக வேகமாக ஓடுவதுபோல் இருந்தது. முதல் விரிப்பை விட்டாள். விரல் நுனியில் சூடு தெரிந்ததும் கையை இழுத்துக்கொண்டாள். விரிப்பு கோணலாகப் போனது. பக்கவாட்டில் பார்த்தாள். அந்தப் பெண் துணியை உதறிக்கொண்டே மகளின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்கு அவர் எடைபோடும் இடத்திலிருந்து எழுந்து வந்தார். தூணுக்குப் பக்கத்தில் புதியவள் நிற்பதைப் பார்த்தார். மேலே கட்டியிருந்த தடுப்பைப் பார்த்தார். ரோலரின் வாய்க்கு முன்னால் மகளின் இரண்டு கைகளும் போய்ப் போய் வருவதைப் பார்த்தார். மகள் தலையைத் திருப்பவில்லை. ஆனால் அவர் நிற்பது அவள் முதுகுக்குத் தெரிந்தது. காத்திருந்தாள். அடுத்த விரிப்பை விட்டாள். அதற்கடுத்ததையும் விட்டாள்.

"கொஞ்சம் கிட்ட நின்னு விடு" என்றார் அவர். "ஓரம் மடங்குது."

மகள் ஓரடி முன்னால் போய் நின்றாள்.